எதிரே வந்தவள்

கோயிலை இடமாகச் சுற்றிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிகளில், நன்றாக விடிந்த பிறகு, எல்லோர் கண்ணிலும் படும்படி. ஊருக்கெல்லாம் கோயில் வலத்தோள் பக்கம் இருக்க, அவளுக்கு மட்டும் இடத்தோள் பக்கம் இருந்தது. பூக்காரி தொடுப்பதை நிறுத்தினாள். மாட்டின் மடியிலிருந்து பால்காரர் கையை எடுத்துவிட்டார். என் இடுப்பில் குழந்தை. நான் அந்தக் குழந்தையின் கண்களைப் பொத்தினேன்.

ஒரு மனுஷி திசை மாறி நடந்ததற்கா இவ்வளவு பதற்றம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் இடமாகச் சுற்றுவது சாவு வீட்டில்தான். கிடத்தியிருக்கும் உடம்பைச் சுற்றி வந்து வாய்க்கரிசி போடும்போது. மற்றபடி சாமி, அரசமரம், மணவறை, தேர், எல்லாமே வலம்தான். தெருப்பிள்ளைகள் கிறுகிறுத்து விழுவதற்காகச் சுற்றும்போதுகூட வலமாகச் சுற்றித்தான் விழும்.

அவளை நான் மாடி அக்கா என்று கூப்பிட்டேன். மேலச் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது அந்த வீடு. முன்கட்டில் வீட்டுக்காரம்மா. பின்கட்டில் நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அவர் திருச்சி ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. பிள்ளை இல்லை. அக்காவுக்கு நாற்பதை ஒட்டி வயது. எனக்கு அதில் பாதி. படியும் வீசையும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்து கடைத்தெருவே தடுமாறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

குடிவந்த முதல் வாரம் கிணற்றடியில் பார்த்தேன். கயிற்றை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். வாளி கோணலாக ஏறி வந்தது. தண்ணீர் பாதி கிணற்றுக்கே திரும்பியது.

"வலது கை வலியா அக்கா? விடுங்க, நான் இழுக்கறேன்."

"வலியெல்லாம் இல்ல. நேத்து அதுக்கு வேலை குடுத்தேன். இன்னிக்கு இதுக்கு. இதுவும் நம்ம கைதானே, கோச்சுக்காது?"

சிரிக்காமல் சொன்னாள். கையோடு பேச்சுவார்த்தை வைத்திருக்கும் பெண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கை என்றால் எனக்கு வளையல் போடுவதற்கு, மருதாணி வைப்பதற்கு, வேலை முடிந்ததும் மடியில் போட்டுக்கொள்வதற்கு.

அடுத்து மொட்டை மாடி. வடாம் பிழிய மாவுப் பாத்திரத்தோடு ஏறினவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, அவள் வீட்டுக்காரரின் பழைய கர்லாக்கட்டையைத் தோளுக்குப் பின்னால் சுழற்றிக்கொண்டிருந்தாள். கட்டை காற்றைக் கிழித்த ஓசை கேட்டது. நெற்றியில் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கின் மேல் ஒரு சிவப்புக் கோடு. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவள்போல் கீழே ஓடினேன். வீட்டுக்காரம்மா தன் முன்கட்டிலிருந்து கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

"மேல என்னம்மா தொம்முதொம்முன்னு?"

"கட்டை சுத்தறேம்மா" என்று மேலிருந்து குரல் வந்தது.

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து, "கட்டை வண்டி ஏதோ போகுதாம்" என்றாள்.

அக்கா எப்போதும் அப்படித்தான். எதையும் மறைக்கமாட்டாள். உள்ளதை அப்படியே சொல்லுவாள். கேட்பவர்கள்தான் அதை எடுத்துத் தங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிக்கொள்வார்கள். அவளைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றுதான். அவள் உடம்பு அவளுக்குச் சுகமாக இருந்தது. அதை அவள் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

வெண்டைக்காய் நறுக்குவதில் சுகம். ஆட்டுரலில் குழவியைச் சுற்றுவதில் சுகம். "தோளுக்கு நல்லது, நகரு" என்று என் மாவையும் அவளே ஆட்டிவிடுவாள். திருச்சிக்குக் கடைக்குப் போனால், திரும்பும்போது டவுன் பஸ்சில் காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவாள். டிக்கெட் வீடு வரைக்கும் எடுத்திருக்கிறதே அக்கா என்று நான் அலறுவேன். "பாலத்துல காத்து வருது, வா" என்பாள், ஏதோ கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். அவள் பாலத்தின் நடுவில் நின்று, அகலமாக மூச்சை இழுத்து, வெற்றிலைக்காரன் வெற்றிலையை அதக்கிக்கொள்வதுபோல் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்துவிட்டு வெளியே விடுவாள்.

தனக்குத்தானே ஒரு வேலையை வைத்துக்கொள்வதும் உண்டு. மாசி முடிவதற்குள் மலைக்கோட்டையை எங்கேயும் உட்காராமல் ஏறிவிடவேண்டும் என்று ஒரு தடவை ஆரம்பித்தாள். அதற்காகத் தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். குடத்துத் தண்ணீர் எதற்கு என்று யாருக்கும் தெரியாது; ஏறிய தண்ணீரே இறங்கியும் வந்தது. மாசி முடிய இருந்த ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தாயுமானவர் சன்னதிக்குப் பக்கத்தில் நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் நிற்கவில்லை. வெகு நேரம் கழித்து, உச்சிக்கு நான் தவழ்ந்த மாதிரி போய்ச் சேர்ந்தால், அவள் பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நிற்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா, சாமி கும்பிடலையா?"

"இரு. நெஞ்சு அடிக்கறதைக் கேட்டுட்டிருக்கேன்."

என் கையை இழுத்துத் தன் நெஞ்சுக்குழியில் வைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று வெளியே வரத் துடிப்பதுபோல் முட்டிக்கொண்டிருந்தது. நான் கையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"பயப்படாதே. நல்லா இருக்கு பாரு. இதுக்குத்தான் வந்தது."

பிறகு முந்தானையிலிருந்து வறுத்த பட்டாணியை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தாள். கீழே காவிரி, அதற்கப்பால் தென்னைகளுக்குள் எங்கள் தீவு, கோபுரங்கள், இன்னும் அப்பால் கொள்ளிடத்தின் வெள்ளை மணல். "அதோ நம்ம சித்திரை வீதி" என்றாள். "எவ்வளவு நேராப் போட்டிருக்காங்க பாரு. நடக்கறதுக்குன்னே போட்ட மாதிரி." பட்டாணி தீர்ந்தபின் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு நல்லபடியாகவே கும்பிட்டாள். எனக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

வீதி நடையை அவள் எப்போது தொடங்கினாள் என்பது எனக்குத் தெரியாது. நான் வருவதற்கு முன்னாலேயே இருந்தது. விடிந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டுவிட்டு, கைகளை வீசிக்கொண்டு கிளம்புவாள். மேல வீதியில் வடக்கே போய், வடக்கு வீதி, கீழ வீதி, தெற்கு வீதி, மறுபடி மேல வீதி. ஊர் எப்படிச் சுற்றுமோ அப்படித்தான். ஒரு சுற்று முடித்துத் திருப்தியாக இருந்தால் இன்னொன்று. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியைச் சுற்றுகிற பெண்ணை யார் கவனிப்பார்கள்?

அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் எல்லாம் மாறியது. ஒரு வாரம் அவள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன மறுநாள் வீட்டுக்கு வந்து, குளித்து, வாசல் தெளித்து, நடக்கக் கிளம்பிவிட்டாள். வீட்டுக்காரம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு அதைப் பார்த்தாள். இரண்டாவது சுற்றையும் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தாலிக்கு வேண்டிக்கிட்டு சுத்தறா" என்று எதிர் வீட்டுக்குச் சொன்னாள். எதிர்வீடு பூக்காரிக்குச் சொன்னது. பூக்காரிக்குத் தெரிந்தால் நாலு வீதிக்கும் தெரிந்த மாதிரி.

சுற்றி முடித்து வந்த அக்காவின் கையை வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

"உன் மாங்கல்யம் கெட்டிம்மா. எத்தனை சுத்து வேண்டிக்கிட்டிருக்கே?"

"வேண்டுதல் எல்லாம் இல்லம்மா. ஒரு வாரமா நடக்காம காலு மரத்துப்போச்சு. நடந்தா சுகமா இருக்கு. அவ்வளவுதான்."

வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த பரவசத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. "கேட்டியாடி? வேண்டுதலை வெளியில சொன்னா பலிக்காதுன்னு எப்படி மறைக்கறா பாரு. இதுல்ல பக்தி."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்காரம்மாவை நம்பினேன்.

அவள் வீட்டுக்காரர் பிழைத்து வந்து மறுபடி ஆபீஸ் போனார். பிறகென்ன? வீதியில் அவள் போகும்போது கதவுகள் திறந்தன. "போற போக்குல எங்க பையன் பரீட்சைக்கும் ஒரு சுத்து" என்றார்கள். "எங்க மாமனாருக்குக் கண்ணு தெரியலை, ஒரு சுத்து." "பொண்ணுக்கு வரன் தட்டிப்போகுது, ஒரு சுத்து." கடைசியில், தன் மகளுக்காகக் கேட்டது வீட்டுக்காரம்மாதான். எல்லோருக்கும் அக்கா சரி என்றாள். இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டாள், பலிக்கவில்லை. சரி என்றால் வழி விடுகிறார்கள். பூக்காரி அவள் கொண்டையில் தினம் ஒரு கிள்ளு கதம்பத்தைச் சொருகி அனுப்பினாள். அந்த வருஷத்துக்குள்ளேயே வீட்டுக்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அவள் வீட்டுக்காரர் மட்டும் சிரிப்பார். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, கீழே துணி உலர்த்தும் என்னிடம் மாடியிலிருந்து சொல்வார். "எனக்காக நடக்கறாளாம். ஒரு நாள் அவ நடக்கலைன்னா இந்த வீட்ல நான் இருக்க முடியாதும்மா. கரண்டி பறக்கும்."

"பறக்கும்தான்" என்பாள் அவள் உள்ளேயிருந்து. "இன்னிக்கு மழை. தலையைக் குனிஞ்சே உக்காருங்க."

நானும் கேட்டேன். அதை நான் சொல்லியாகவேண்டும். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது தடவை நான் மூச்சு விடவும் பயந்துகொண்டிருந்தேன். கிணற்றடியில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்காக ஒரு சுத்து, அக்கா. இது தங்கணும்." அவள் என் முகத்தையே பார்த்தாள். சரி என்றாள். அன்று அவள் நடந்து முடித்து வரும்வரைக்கும் நான் சந்து முனையிலேயே நின்றேன். மாசம் நிறைந்து மகள் பிறந்தாள். பிஞ்சுக் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுற்றுதான் ஞாபகம் வரும். அக்காவின் கால் நடந்த நடைதான் இந்தக் காலாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சொல்லவில்லை, நினைத்துக்கொள்வேன்.

மகள் உட்காரப் பழகின சமயம், ஒரு மத்தியானம், அவள் வீட்டுக்காரர் ஆபீஸ் நாற்காலியிலேயே சரிந்து போனார்.

சடங்கில் அவளை அவர் உடம்பைச் சுற்றி இடமாக வரச் சொன்னார்கள். வந்தாள். கைகள் இரண்டும் விறைத்துத் தொங்கின. வீசாமல் அவள் நடந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பூவும் பொட்டும் போயின. அழுதாள், எல்லோரையும்போல, எல்லோரையும்விட அதிகமாக. அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். சாய்வு நாற்காலியின் துணியில் அவர் தலை பட்டுப் பட்டு எண்ணெய் இறங்கின இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

கீழே பெண்கள் வேறு பேசினார்கள். போன மாசம் காய்ச்சலில் இரண்டு நாள் சுற்றவில்லையாம். அதுதான். ஒரு நாள் விட்டால் விட்டதுதானே. நானும் மனசுக்குள் அந்த இரண்டு நாளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

லால்குடியிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொன்னார். "கொல்லைப்பக்கம் ஒரு ரூம் இருக்கு. வந்து இருந்துக்க. உனக்கு வெளியில என்ன வேலை இனிமே?" அந்த வீட்டை நான் பின்னால் ஒரு தடவை பார்த்தேன். அந்த அறையில் படுத்துக் கையை நீட்டினால் சுவரில் இடிக்கும்.

"இங்கயே இருக்கேண்ணா" என்றாள். "இங்க தெரு இருக்கு."

அண்ணனுக்குப் புரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் சாகவேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

இன்னும் சில வாரம் போயிருக்கும். ஒரு காலை, வெள்ளைப் புடவையில், வெற்று நெற்றியோடு அவள் படியிறங்கி வந்து சந்தைத் தாண்டி மேல வீதியில் வடக்கே திரும்பினாள். நான் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து கிண்ணத்தோடு உள்ளே போனார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. ஓசைப்படாமல், ஆனால் சாத்தப்பட்டன. ஒரு சுற்று கேட்ட அதே கதவுகள். பூக்காரி கூடைமேல் ஈரத்துணியை இழுத்து மூடினாள். பாதிக் கோலங்களுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் நடந்து போனாள், கையை வீசிக்கொண்டு.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரம்மா சந்தில் காத்திருந்தாள். அவள் கெட்டவள் அல்ல. அந்தப் பதினாறு நாளும் மாடிக்குக் கஞ்சி கொண்டுபோனவள் அவள்தான்.

"நடக்கணும்னா இருட்டோட போயிட்டு வந்துடும்மா. ஜனங்க முழிக்கறதுக்கு முன்னாடி."

"இருட்டுல என்னம்மா தெரியும்? ஒண்ணும் தெரியாது."

"இனிமே யாருக்காகச் சுத்தறே நீ? அவரே போயிட்டாரு."

"அவருக்காகச் சுத்தலையேம்மா. அப்பவே சொன்னேனே. யாருக்காகவும் இல்ல."

வீட்டுக்காரம்மா இன்னும் கிட்டே வந்தாள். மெல்லக் கேட்டாள். "என் பொண்ணு கல்யாணத்துக்குச் சுத்தினியே?"

"நடக்க ஆரம்பிச்சா எல்லாம் மறந்துபோயிடும்மா. யார் என்ன கேட்டாங்கன்னு ஒண்ணுமே நினைப்பு இருக்காது."

"அப்போ அது பொய்யா?"

"கல்யாணம் நடந்துச்சில்ல? அது எப்படிப் பொய்யாகும்?"

வீட்டுக்காரம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பிறகு அழுகிற குரலில் சொன்னாள். "இந்த மாசத்தோட காலி பண்ணிக்க. இல்லன்னா நடக்கறதை விட்டுடு. ரெண்டுல ஒண்ணு."

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா சொன்னதற்காக இல்லை. ஒண்ணுமே நினைப்பு இருக்காது என்றாளே, அதற்காக. என் மகள் என் இடுப்பில் இருந்து அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள்தான் அது நடந்தது. படியிறங்கி வந்தாள். மேல வீதியில், எப்போதும்போல் வடக்கே திரும்பாமல், தெற்கே திரும்பினாள். கோயில் அவளுடைய இடத்தோளுக்கு வந்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கடைக்குப் போகிறாள் என்று நினைத்தார்கள். வடக்கு வீதியிலிருந்து மேல வீதிக்குள் அவள் திரும்பி எதிரே வந்தபோது தெருவே உறைந்துபோயிற்று. வலம் வந்துகொண்டிருந்த ஒரு கிழவர் அவளுக்கு நேர் எதிரே நின்றுவிட்டார். ஒதுங்கத் தெரியவில்லை அவருக்கு. அந்த வீதியில் எதிரே யாரும் வந்து அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவள்தான் ஒதுங்கி வழி விட்டாள்.

சாயங்காலத்துக்குள் பைத்தியம் என்று முடிவாகிவிட்டது. துக்கத்தில் மூளை பிசகிவிட்டது, பாவம்.

நான் அவளோடு பேசவில்லை. நாள் கணக்கில் பேசவில்லை. கிணற்றடியில் அவள் இருந்தால் நான் போகமாட்டேன். ஒரு நாள் தப்ப முடியாமல் எதிரெதிரே நின்றோம். அவள் இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அக்கா இப்படிப் பண்றீங்க?"

"வலமாப் போனா வேண்டுதல்ங்கறாங்க. நம்ப வைக்க முடியலை. இடமாப் போனா பைத்தியம்ங்கறாங்க. பைத்தியத்துக்கிட்ட யாரும் ஒரு சுத்து கேக்க மாட்டாங்க." வாளியைத் துவைகல்மேல் வைத்தாள். "இன்னொண்ணு சொல்லவா? இத்தனை வருஷமும் எல்லார் முதுகையும்தான் பாத்துட்டு நடந்திருக்கேன். இப்பதான் மூஞ்சி தெரியுது. அந்தத் தாத்தாவுக்கு எவ்வளவு அழகான மூக்கு தெரியுமா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்டுவிட்டேன்.

"என் பொண்ணுக்குச் சுத்தினீங்களா, இல்லையா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். கைம்பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட எனக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

"முதல் மூலை வரைக்கும் அதே நினைப்பாத்தான் போனேன். உன் மூஞ்சியே கண்ணுல இருந்துச்சு. வடக்கு வீதியில திரும்பினதும் வெயில் மூஞ்சில விழுந்துச்சு. அதோட போச்சு. மறந்துட்டேன்."

நான் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். என் மகளுக்கு இரண்டு நாளாக லேசான ஜுரம். கட்டிலில் அவளைப் பார்த்தபோது, தரைக்கும் அவளுக்கும் நடுவே இருந்த ஏதோ ஒன்றை உருவி எடுத்துவிட்டமாதிரி இருந்தது. யாரும் சுற்றாத சுற்றின்மேலா இத்தனை மாதம் இவள் தூங்கினாள்?

மாசம் முடிந்தது. காலி பண்ணுவது என்றே அக்கா முடிவு செய்திருந்தாள். லால்குடிக்கு இல்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கம், சிந்தாமணியில் தனியாக இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் தன் வீட்டில் ஒரு பகுதியைக் கொடுத்தார். சமைத்துப்போட்டுத் துணையாக இருக்கவேண்டும். அண்ணன் இனி முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். "அங்க தெரு சுத்த வராது" என்று என் வீட்டுக்காரர் வருத்தமாகச் சொன்னபோது அவள் சொன்னாளாம்: "பாலம் இருக்கே. பாலத்துல வலமும் இல்ல, இடமும் இல்ல. போறதும் வரதும்தான்."

அவள் போகவேண்டிய அன்று காலை. மாட்டுவண்டி பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஜுரம் நின்ற குழந்தையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, குளித்து, ஈரத்தலையோடு நான் வீதியில் இறங்கினேன். கேட்டவர்களுக்கு நேர்த்தி என்றேன். அக்கா சுற்றாமல் விட்டதை நானே சுற்றிவிடுவது. வேறு யாரிடமும் கொடுக்காமல், ஒரு அடி விடாமல், நினைப்பு பிசகாமல். மகளின் பெயரை வாய்விட்டே சொல்லிக்கொண்டு வடக்கே திரும்பினேன். கோயில் என் வலத்தோளில். காப்பாத்து, காப்பாத்து. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அக்கா தெற்கே திரும்பிப் போனதை நான் பார்த்திருந்தேன்.

வடக்கு வீதியில் எனக்கு மூச்சு முட்டியது. வெயில் நேரே கண்ணில் குத்தியது. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு உருவம் கையை வீசிக்கொண்டு வந்தது. முகம் தெரியவில்லை, வீச்சு தெரிந்தது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் துப்பினாள். நான் திருப்பவில்லை. திருப்பக்கூடாது என்று இல்லை, கழுத்து திரும்பவில்லை. பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றேன். அக்கா நிற்காமலே என்னைத் தாண்டினாள். தாண்டும்போது சொன்னாள்.

"வாயை மூடிட்டு நட. மூக்கால மூச்சு விடு. தோளை இறக்கு."

ஆட்டுரலில் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இத்தனைக்கும் பிறகு அவள் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

கோபத்தில்தான் வாயை மூடினேன். பெயரை உள்ளே சொல்லிக்கொள்ளலாம் என்று. மூக்கால் மூச்சு விட்டேன். தோளை இறக்கினேன், அது இத்தனை நாள் காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது என்பது இறங்கியபோதுதான் தெரிந்தது. மூலை திரும்பிக் கீழ வீதி. ஒரு வாசலில் கன்றுக்குட்டி கட்டவிழ்ந்து கோலத்தை நக்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. வெள்ளைக் கோபுரத்தின் அடியில் புறாக்கள் ஒரே சமயத்தில் எழும்பின. ஈரத்தலையில் காற்று புகுந்து உச்சி குளிர்ந்தது. என் குதிகால் மண்ணில் படுவதையும், விரல் அதை உந்தித் தள்ளுவதையும் நான் முதல் தடவையாகக் கேட்டேன். கை தானாக வீசத் தொடங்கியிருந்தது.

தெற்கு வீதிக்குத் திரும்பி, முதுகில் வெயில் சுட்டபோதுதான் எனக்குத் திடுக்கென்றது.

பெயர் இல்லை. நெஞ்சுக்குள் என் மகளின் பெயர் இல்லை. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. பெற்றவள் நான், எதற்காக நடக்கிறேன் என்பதையே மறந்து ஒரு வீதி முழுக்க நடந்திருக்கிறேன். அப்படியே நின்றேன். தெய்வக் குற்றம் என்று பயந்தேன். ஆனால் பயத்துக்குக் கீழே, வெட்கமில்லாமல், நெஞ்சு குதிரைபோல் அடித்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வீதியின் அந்தக் கோடியிலிருந்து அக்கா வந்துகொண்டிருந்தாள். இப்போது வெயில் அவள் முகத்தில். வெற்று நெற்றி வியர்வையில் மின்னியது. என்னைப் பார்த்தாள். நான் நின்ற நிற்பையும், வீசின கை வீசின இடத்திலேயே நிற்பதையும் பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. வீட்டுக்காரர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"எந்த வீதியில விட்டே?" என்று கேட்டாள்.

நான் மறுபடி கையை வீசி நடந்தேன். வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னவள் அவள்தானே.